76 வயதில் தைராய்டு மாத்திரை தேவையா?

கேள்வி: நிமோனியா காய்ச்சலுக்காக என் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 6.8 என்று வந்தது. டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) சரியாக இருக்கிறது. அவருக்கு வயது 76. சோர்வு, மலச்சிக்கல், மறதி மூன்றும் உண்டு. தான் சாப்பிடும் 100 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரையையே அம்மாவுக்கும் தரலாம் என்கிறார் என் அக்கா. தரலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தர வேண்டாம். வயது ஏற ஏற டி.எஸ்.எச். சற்று உயர்வது இயல்பு; கடும் நோயிலிருந்து தேறிவரும் நாட்களிலும் அது தற்காலிகமாக ஏறி, பின்னர் தானாகவே இறங்கக்கூடும். ஆகவே இரண்டு மூன்று மாதம் கழித்து, டி4 அளவுடன் சேர்த்து மீண்டும் பார்ப்பதே முறை. முடி வளர்ச்சிக்கான பயோட்டின் மாத்திரை எதையும் அவர் சாப்பிட்டு வந்தால், பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். அது அளவுகளைப் பொய்யாகக் காட்டும்.

டி4 சரியாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் இலேசாக உயர்ந்திருந்த, 65 வயதைக் கடந்த எழுநூற்றுக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சோர்வு குறையவில்லை. டி.எஸ்.எச். 10ஐத் தாண்டினாலோ டி4 குறைந்தாலோ நிலைமை வேறு. அப்போதும் முதியவர்களுக்கு, குறிப்பாக இதய நோய் உள்ளவர்களுக்கு, 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதித்துத்தான் கூட்டுவோம். எடுத்த எடுப்பில் 100 கொடுத்தால் படபடப்பு, நெஞ்சுவலி, இதயத் துடிப்பின் ஒழுங்கு தவறுதல் ஆகியவை வரலாம். தேவைக்கு மேற்பட்ட அளவு நெடுநாள் தொடர்ந்தால் எலும்பும் தேயும். (உங்கள் அக்கா அதை ஃபில்டர் காபியோடு விழுங்குபவராக இருந்தால் அவருக்கும் ஒரு வார்த்தை: வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, காபிக்கு அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும்; கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை.)

நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளுக்கும் தைராய்டைத் தவிர வேறு காரணங்களே இந்த வயதில் அதிகம். ரத்தசோகை, பி12 குறைபாடு, சர்க்கரை, மனச்சோர்வு ஆகியவற்றோடு, ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளால் சோடியம் இறங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இவற்றைக் கடலூர் அரசு மருத்துவமனையிலேயே பார்த்துவிடலாம், மறுபரிசோதனையிலும் டி.எஸ்.எச். ஏறிக்கொண்டே போனால் புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையின் நாளமில்லாச் சுரப்பி மருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். போகும்போது அம்மா சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் எடுத்துப் போங்கள். இதயத் துடிப்புக்கான அமியோடரோன், மனநலத்துக்கான லித்தியம் இரண்டுமே தைராய்டைப் பாதிக்கும்.