வாசகர் கேள்வி – பதில்: வெனிஸில் வரையப்பட்ட ஜப்பானிய இளைஞன்

கேள்வி: தொமெனிக்கோ தின்தொரெத்தோ வரைந்த 'இத்தோ மான்சியோ' என்னும் உருவப்படத்தை அண்மையில் பார்த்தேன். தொப்பியும் மடிப்புக் கழுத்துப்பட்டியும் அணிந்து ஐரோப்பியப் பிரபுவைப் போல இருக்கும் இவ்விளைஞன் உண்மையில் ஜப்பானியன்தானா? கிமோனோ இல்லாத இப்படத்தை ஜப்பானியரின் படம் என்று மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது?
– ஓவிய ஆசிரியர் ஒருவர், ராயபுரம்

பதில்: ஜப்பானியன்தான். கியூஷு தீவின் தென்கிழக்கில் உள்ள ஹியூகா மாகாணத்தில், போரில் ஆட்சியை இழந்த இத்தோ குடும்பத்தில் பிறந்தவர் மான்சியோ. கிறித்தவராக மாறிய கியூஷு சிற்றரசர்களின் சார்பில் போப்பாண்டவரைக் காண, இயேசு சபைத் துறவி வாலிஞ்ஞானோவின் ஏற்பாட்டில் 1582இல் அனுப்பப்பட்ட நான்கு சிறுவர்களுள் அவரே தலைமைத் தூதர். 1585 மார்ச்சில் ரோமில் போப் பதின்மூன்றாம் கிரகோரி அவர்களை வரவேற்றார். அந்தக் கோடையில் வெனிஸுக்கு அவர்கள் சென்றபோது, அந்நகரின் செனட் அவர்களை வரையும் பொறுப்பை முதிய யாகோபோ தின்தொரெத்தோவிடம் ஒப்படைத்தது. அவருடைய பட்டறையில் தொடங்கிய வேலையை மகன் தொமெனிக்கோ முடித்தார் என்பது இன்றைய ஆய்வாளர்களின் கருத்து. கித்தானின் பின்புறத்தில் எழுதப்பட்டுள்ள பெயரும் தூதர் என்ற குறிப்புமே இவ்விளைஞன் இன்னார் என்று அறியப் பெரிதும் உதவின. இச்செய்தி 2014இல்தான் உலகுக்குத் தெரிந்தது.

உடையைப் பற்றிய தங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் இப்படத்தின் அருமையே அங்குதான் இருக்கிறது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். மோனே 1876இல் வரைந்த 'ஜப்பானியப் பெண்' என்னும் புகழ்பெற்ற ஓவியத்தில் சிவப்புக் கிமோனோ இருக்கிறது, விசிறிகள் இருக்கின்றன. அவற்றை அணிந்து நிற்பவரோ பொன்னிறப் பொய்முடி சூடிய அவருடைய பிரெஞ்சு மனைவி கமில். வான்கோ 1888இல் ஆர்ல் நகரில், ஜப்பானியச் சிறுமியைக் குறிக்கும் பெயரிட்டு ஒரு படம் வரைந்தார். கையில் அரளிப் பூக்களுடன் அமர்ந்திருப்பவள் அந்தப் பகுதியின் பிரெஞ்சுச் சிறுமி. இவ்விரு படங்களும் எனக்கு மிகவும் பிடித்தவை. எனினும், அவற்றில் ஜப்பான் உடையாகவும் கனவாகவுமே வருகிறது. இவற்றுக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் முன்பே, கடல் கடந்து வந்து எதிரே அமர்ந்த ஒரு ஜப்பானியப் பையனின் கண்ணிமையையும் கன்னத்தையும் மூடிய உதடுகளையும் ஓர் ஐரோப்பியப் பட்டறை பொறுமையாகக் கவனித்திருக்கிறது. விந்தைப் பொருளாக அல்ல, வெனிஸ் நகரத்துப் பெருமக்களை வரைந்த அதே மரியாதையோடு கவனித்திருக்கிறது. 1586இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் அச்சான செய்தித்தாள் ஒன்றிலும் நால்வரின் மரச்செதுக்குப் படம் உண்டு. அதில் உடைகளை அறியலாம், ஆள்களை அறிவது கடினம். மாணவர்களிடம் இந்த மரச்செதுக்குப் படத்தையும் மான்சியோவின் உருவப்படத்தையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். முதலில் முகத்தை மட்டும் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். கழுத்துப்பட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: இச்சிறுவர்கள் நாகசாகியிலிருந்து புறப்பட்டு ஐரோப்பா சேர இரண்டரை ஆண்டுகள் ஆயினவாமே? அவ்வளவு காலம் ஏன்?
– மீன்பிடித் தொழிலாளர், காசிமேடு

பதில்: காற்றை அறிந்த தங்களுக்கு விடை எளிதில் விளங்கும். 1582 பிப்ரவரியில் நாகசாகியை விட்ட கப்பல் அடுத்த மாதமே சீனக் கரையிலுள்ள மக்காவோ துறைமுகத்தை அடைந்துவிட்டது. அங்கிருந்து தென்மேற்கே மலாக்கா செல்ல வாடைக்காற்று வேண்டும். அது வரும்வரை அந்த ஆண்டின் இறுதி மட்டும் மக்காவோவில் காத்திருந்தார்கள். மலாக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்த பின்னும், கொச்சியில் பல மாதங்கள் தங்கிய பிறகே கோவா செல்ல முடிந்தது. கோவாவில் வாலிஞ்ஞானோ தங்கிவிட, சிறுவர்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி 1584 ஆகஸ்டில் லிஸ்பன் போய்ச் சேர்ந்தார்கள். மொத்தக் காலத்தில் கடலில் ஓடிய நாள்களைவிடக் கரையில் காற்றுக்காகக் காத்திருந்த நாள்களே மிகுதி என்பது, விசை இல்லாத காலத்துப் பாய்மரத்தோடு பழகிய குடும்பங்களுக்கு வியப்பாக இராது. இந்தத் தாமதத்தை நினைவில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்க்க வேண்டும் என்பேன். வீட்டை விட்டபோது ஏறக்குறைய பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையாக இருந்தவர், ஓவியர் முன் அமரும்போது பதினைந்து, பதினாறு வயதை எட்டியிருந்தார். அந்த முகத்தில் நான் காணும் நிதானம், குழந்தைப் பருவத்தின் கடைசி ஆண்டுகளை அந்நியத் துறைமுகங்களில் கழித்த ஒருவருடையது.

கேள்வி: மான்சியோ ஊர் திரும்பினாரா? அந்தப் படத்தை எங்கே காணலாம்?
– கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: 1590இல் நால்வரும் நாகசாகி திரும்பினார்கள், அவர்களோடு ஓர் அச்சு இயந்திரமும் வந்தது. ஆனால் அதற்குள், ஜப்பானை அப்போது ஆண்ட ஹிதெயோஷி பாதிரியார்களை நாட்டைவிட்டு வெளியேற ஆணையிட்டிருந்தார். அவரே 1591இல் இவர்களை அழைத்து, இவர்கள் வாசித்த ஐரோப்பிய இசையைக் கேட்டார் என்பதும் உண்மை. மான்சியோ 1608இல் குருப்பட்டம் பெற்று, 1612இல் நாகசாகியில் காலமானார். நால்வருள் ஜூலியான் நகௌரா 1633இல் அங்கேயே மதத்துக்காகக் கொல்லப்பட்டார்.

படம் இத்தாலியின் மிலான் நகரில் திரிவுல்சியோ அறக்கட்டளையின் சேகரிப்பைச் சேர்ந்தது. 2016இல், இரு நாட்டு நல்லுறவின் 150ஆம் ஆண்டையொட்டி, டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். மான்சியோ பிறந்த நாட்டு மக்கள் இந்த உருவப்படத்தை நேரில் கண்டது அப்போதுதான்.