ஸ்டெம் செல்லுக்கு மாறுகிறோம் என்று கம்பெனி பெயரையே மாற்றினால், பங்கை வைத்திருக்கலாமா?

உங்களிடம் ஒரு பயோடெக் பங்கு இருக்கிறது, கம்பெனி ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) பக்கம் போவதால் பெயர் மாறுகிறது, விற்பதா வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கு, விற்று விடு என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. எதை மூடிவிட்டு அந்தப் பெயருக்கு வந்தார்கள் என்பதை முதலில் பாருங்கள். அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

அமெரிக்காவின் சைட்டோதெரபியூட்டிக்ஸை எடுத்துக்கொள்வோம். மெல்லிய சவ்வுக் குழாய்க்குள் மாட்டின் அட்ரினல் சுரப்பிச் செல்களை அடைத்து, முதுகுத்தண்டு நீரில் வைத்து வலியைக் குறைப்பதுதான் அவர்கள் வேலை. ஆக்சிஜனும் சத்தும் சவ்வுக்குள் போகும், செல் சுரக்கும் மருந்து வெளியே வரும், நோயெதிர்ப்புச் செல் மட்டும் உள்ளே நுழைய முடியாது. கூட்டாளி அஸ்ட்ரா என்ற மருந்துக் கம்பெனி. 1999-இல் இரண்டாம் கட்டச் சோதனை பலன் காட்டவில்லை, அஸ்ட்ரா விலகியது. சவ்வுத் தொழில்நுட்பத்தை நியூரோடெக் என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டு, ரோட் ஐலண்டைக் காலி செய்து கலிஃபோர்னியாவுக்குப் போனார்கள். 1997-இல் வாங்கியிருந்த சிறிய கம்பெனியின் பெயரையே 2000-இல் தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள்: ஸ்டெம்செல்ஸ் இன்க். அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் குறியீடும் 'ஸ்டெம்' ஆனது.

உடனே யாராவது வந்து "அப்போ எல்லாம் மோசடியா?" என்பார்கள். இல்லை. இர்விங் வைஸ்மன், ஃப்ரெட் கேஜ், டேவிட் ஆண்டர்சன் ஆகிய விஞ்ஞானிகள் தொடங்கிய அந்தச் சிறிய கம்பெனியின் அறிவியல் அது. 2006-இல் பேட்டன் நோய் என்ற பரம்பரை மூளை நோய் வந்த குழந்தைகளுக்கு மூளை ஸ்டெம் செல் வைத்தார்கள். பிறகு முதுகுத்தண்டுக் காயத்துக்கும் சோதனை நடந்தது. பலன் இருந்தாலும் தொடரும் அளவுக்கு இல்லை என்று 2016-இல் நிறுத்தினார்கள். அந்த ஆண்டே மைக்ரோபாட் மெடிக்கல் என்ற ரோபோ கருவிக் கம்பெனியோடு இணைப்பு. ஸ்டெம் செல் பெயர் அத்தோடு போயிற்று.

பங்குக்காரர் கணக்கு இதோ. 2011-இல் பத்துக்கு ஒன்று, 2016-இல் பன்னிரண்டுக்கு ஒன்று, அதே ஆண்டு இணைப்பின்போது ஒன்பதுக்கு ஒன்று என ரிவர்ஸ் ஸ்ப்ளிட், அதாவது பல பங்கைச் சேர்த்து ஒன்றாக்குவது. 2000-இல் 1,200 பங்கு வைத்திருந்தவர் கையில் மிஞ்சியது ஏறத்தாழ ஒன்று. இதனால் மட்டும் மதிப்பு குறையாது, எண்ணிக்கைதான் சுருங்கும். ஆனால் விலை நாஸ்டாக்கின் ஒரு டாலர் வரம்புக்குக் கீழே கிடந்தால்தான் பெரும்பாலும் இதைச் செய்வார்கள். நடுவில் புதுப் பங்கு வெளியிட்டுக்கொண்டே போயிருந்தால் உங்கள் பங்குவீதம் தேய்ந்திருக்கும்.

விற்றுத் தள்ளிய சவ்வு என்னவாயிற்று தெரியுமா? அதே அடிப்படையில் நியூரோடெக் செய்த கண் உள்வைப்பு 'என்செல்டோ' 2025 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி பெற்றது. கைவிட்டது 25 வருஷம் கழித்து மருந்தாயிற்று, பெயரில் ஏறிய ஸ்டெம் செல் ஆகவில்லை.

ஆகவே பெயர் மாற்ற அறிவிப்பு வந்த அன்றைக்கே ஆண்டறிக்கையைத் திறந்து பாருங்கள். ஆராய்ச்சிச் செலவு எந்தத் திட்டத்துக்குப் போகிறது, பழைய திட்டத்து ஆட்கள் எத்தனை பேர் மிச்சம், கையிருப்பை ஒரு காலாண்டுச் செலவால் வகுத்தால் எத்தனை காலாண்டு தாங்கும், வாரண்டுகள் (குறித்த விலைக்குப் பின்னர் புதுப் பங்கு வாங்கும் உரிமைகள்) எவ்வளவு. நாலு காலாண்டுக்குக் கீழே என்றால் புதுப் பங்கு வெளியீடு பக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பங்கு இந்தியாவில் பட்டியலிட்டதென்றால் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியின் லிஸ்டிங் விதிகளின் 45-ஆவது ஒழுங்குமுறைப்படி, பெயரை மாற்ற முந்தைய பெயர் மாற்றத்திலிருந்து ஓராண்டு கடந்திருக்க வேண்டும். அதோடு முந்தைய ஓராண்டு வருமானத்தில் குறைந்தது 50% புதுத் தொழிலிலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது சொத்தில் 50% அதில் போட்டிருக்க வேண்டும். இதற்குத் தொழில் செய்யும் சார்ட்டர்ட் அக்கவுண்டண்டின் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழில் எந்த வழியில் தேறினார்கள் என்று பாருங்கள். வருமானம் என்றால் நல்லது. சொத்து வழி என்றால் சொத்துக் கணக்கில் 'அட்வான்ஸ்' (முன்பணம்) என்று காட்டிய தொகையைக் கவனியுங்கள். புதுத் திட்டத்துக்காகக் காண்ட்ராக்டருக்கும் சப்ளையருக்கும் கொடுத்ததை மட்டுமே சேர்க்கலாம். அமெரிக்காவில் இப்படி ஒரு வரம்பே கிடையாது.