வாளையாறா, புதுச்சேரியா?

கேள்வி: பாலக்காடு டவுனில் வேலை. சைக்கிளில்தான் போவேன். வாடகை குறைவு என்று வாளையாறில் வீடு பார்க்கிறேன். சரிவருமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: வேண்டாம் தம்பி. 20 கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலை, லாரிகள் உரசிக்கொண்டு போகும். இருட்டினால் வழியில் கஞ்சிக்கோட்டுப் பக்கம் யானை வேறு. புதுச்சேரியில் பாருங்கள் (பாண்டிச்சேரி இல்லை, கஞ்சிக்கோட்டுக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் இருக்கிறதே, அது). அங்கிருந்து மிதிக்கிற தூரம்தான். ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைக் கணக்கில் வையுங்கள். ஆடியில் மேற்குக் காற்று. காலையில் மேற்கே டவுனுக்குப் போகும்போது மழையோடு சேர்த்து முகத்தில் வாங்க வேண்டும். மார்கழி, தையில் கிழக்குக் காற்று. போகும்போது தள்ளிவிடும், சாயங்காலம் களைத்துத் திரும்பும்போது மல்லுக்கு நிற்கும். கியர் சைக்கிள் என்றால் சமாளிக்கலாம். அப்புறம், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு வேலைநாள் காலை எட்டரைக்கு அந்த வழியில் ஓட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டினால் ஒன்றும் தெரியாது.