ஆளுக்கொரு முடிவு சொன்னால் ஜோசியமா?

கேள்வி: பிரபஞ்சம் உறைந்துபோகும் என்கிறார் ஒரு விஞ்ஞானி. கிழிந்துபோகும் என்கிறார் இன்னொருவர். சுருங்கி நசுங்கும் என்கிறார் மூன்றாமவர். ஆளுக்கொன்று சொன்னால் இது அறிவியலா, ஜோசியமா? யாரும் இருந்து பார்க்கப்போவதும் இல்லை. இதற்கு எதற்கு அரசுப் பணம்? ஒன்பதாவது படிக்கும் என் பேத்தி இதையெல்லாம் செல்போனில் பார்த்துவிட்டு ராத்திரி தூங்காமல் கிடக்கிறாள்.
– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: ஜோசியம் இல்லை ஐயா. மூன்று பேரும் போடுவது ஒரே கணக்கு. அதில் ஓர் எண் இன்னும் துல்லியமாகத் தெரியவில்லை. அந்த எண் இப்படி இருந்தால் என்ன ஆகும், அப்படி இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்கிறார்கள்.

பிரபஞ்சம் விரிகிறது என்பது 1929-ல் வானியலாளர் ஹப்பிள் காலத்திலேயே தெரிந்த விஷயம். ஈர்ப்பு இழுத்துப் பிடிப்பதால் அந்த வேகம் போகப்போகக் குறையும் என்றுதான் நினைத்திருந்தார்கள். 1998-ல் தொலைதூரச் சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்களை, அளந்த இரண்டு குழுக்கள், வேகம் கூடுகிறது என்று கண்டுபிடித்தன. 2011-ல் அதற்கு நோபல் கிடைத்தது. வேகத்தைக் கூட்டுவது எதுவோ, அதற்குக் கரும் ஆற்றல் என்று பெயர். பிரபஞ்சத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அதுதான். அதன் அடர்த்தி எப்படி மாறுகிறது என்பதைச் சொல்வதுதான் துல்லியமாகத் தெரியாத அந்த எண். அடர்த்தி மாறாமல் இருந்தால் விண்மீன்கள் அணைந்து எல்லாம் குளிர்ந்துபோகும். கூடிக்கொண்டே போனால் அணு வரைக்கும் பிய்ந்துபோகும். குறைந்து, இழுவிசையாகவே மாறினால் எல்லாம் திரும்பி வந்து நசுங்கும்.

அரிசோனாவில் டெசி என்றொரு கருவி விண்மீன் மண்டலங்களின் தூரத்தை அளந்துகொண்டிருக்கிறது. 2024, 2025-ல் வந்த அதன் முடிவுகள், கரும் ஆற்றல் காலப்போக்கில் பலவீனமாகி வரலாம் என்று காட்டுகின்றன. ஆனால் கண்டுபிடிப்பு என்று அறிவிக்கும் அளவுக்குச் சான்று இன்னும் வலுக்கவில்லை என்று அந்தக் குழுவே சொல்கிறது. எந்த ஜோசியர் தான் போட்ட கட்டத்தைப் பற்றி இப்படிச் சொல்லியிருக்கிறார்?

‘யாரும் இருந்து பார்க்கப்போவதில்லை’ என்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. இருந்து பார்க்காமலும் சோதிக்கலாம். அப்படிச் சோதித்த ஓர் இடம் உங்கள் வீட்டிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் இருக்கிறது. கோலார் தங்க வயல்.

விண்மீன்கள் அணைந்த பிறகு மிச்சமிருக்கும் பொருளாவது நிலைக்குமா? அணுக்கருவில் இருக்கும் புரோட்டான் என்ற துகள் அழியுமா என்பதைப் பொறுத்தது அது. 1974-ல் வந்த ஒரு கோட்பாடு அழியும் என்றது. ஆயுள், சுமாராக, 1-க்குப் பின்னால் 30, 31 சைபர் போட்ட ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான், எப்படிக் காத்திருப்பது? காத்திருக்கவே வேண்டாம். இன்னார் எப்போது இறப்பார் என்று ஆயுள் காப்பீட்டுக்காரருக்குத் தெரியாது. ஆனால் லட்சம் பேரில் இந்த ஆண்டு எத்தனை பேர் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடுவார். அதே வழிதான். 140 டன் இரும்பில் புரோட்டானும் நியூட்ரானுமாக, 1-க்குப் பின் 31 சைபர் போட்டால் வரும் எண்ணைப் போலப் பல மடங்கு துகள்கள் இருக்கின்றன. கோட்பாடு சரியென்றால் ஆண்டுக்குச் சிலவாவது அழிய வேண்டும்.

1980-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானின் ஒசாகா சிட்டி பல்கலைக்கழகமும் சேர்ந்து, சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் அந்த 140 டன்னை அடுக்கின. அடுக்குகளுக்கு நடுவே, துகள் ஒன்று கடந்தால் மின்துடிப்பு தரும் வாயுக் குழாய்கள். தரைமட்டத்தில் வைத்தால் வானத்திலிருந்து கொட்டும் மியூவான் என்ற நுண்துகள்கள் ஓயாமல் கருவியைத் துளைக்கும். பாறைதான் அவற்றைத் தடுக்கும். அந்தப் பாறையைத் தலைமுறை தலைமுறையாகக் குடைந்தவர்களில் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் ஏராளம். சுரங்கத்தை 2001-ல் மூடிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கு மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். கோலார் தங்கத்தைப் பற்றிப் பேசுகிற நாம் இந்தச் சோதனையைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பதில் எனக்கு ரொம்ப ஆற்றாமை உண்டு.

சில நிகழ்வுகளைப் பார்த்த கோலார் குழு, இவை புரோட்டான் அழிவாக இருக்கலாம் என்று அறிவித்தது. அப்புறம் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஆயிரக்கணக்கான டன் நீர் நிரம்பிய தொட்டிகளில் தேடினார்கள். ஒன்றும் சிக்கவில்லை. அந்தக் கோட்பாட்டின் எளிய வடிவத்தைக் கைவிட்டுவிட்டார்கள். இன்றைய சோதனைகளின்படி, புரோட்டான் அழிவதாகவே இருந்தாலும், எதிர்பார்த்த முக்கியமான வழியில் அதன் ஆயுள் 1-க்குப் பின் 34 சைபர் போட்ட ஆண்டுகளுக்கும் மேல். அழகான கோட்பாடுதான். அளவை ஒத்துவரவில்லை, விட்டுவிட்டார்கள். இதைவிட நேர்மையாக ஒரு வேலையை எப்படிச் செய்வது?

பணத்துக்கு வருவோம். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் வளிமண்டலத்தில் உண்டாக்கும் நியூட்ரினோக்கள், எதிலும் பெரும்பாலும் மோதாமலே ஊடுருவிப் போகும் நுண்துகள்கள், 1965-ல் முதன்முதலில் பிடிபட்டது இதே கோலாரிலும் தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்திலும்தான். புரோட்டான் அழிவைத் தேடி ஜப்பான் கட்டிய காமியோகாண்டே தொட்டியில் 1987-ல் ஒரு சூப்பர்நோவாவின் நியூட்ரினோக்கள் பதிவாயின. அந்தச் சோதனைக்குத் தலைமை தாங்கிய கோஷிபாவுக்கு 2002-ல் நோபல். தேடியது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. தேடாமல் இருந்திருந்தால் இரண்டுமே கிடைத்திருக்காது.

சரி, பேத்தி. சூரியன் இன்னும் சுமார் 500 கோடி ஆண்டு எரியும். பிரபஞ்சம் கிழியும் என்று 2003-ல் கணக்குப் போட்டவர்கள் உதாரணமாகக் காட்டியதே சுமார் 2,200 கோடி ஆண்டுக்கு அப்பால். பயமுறுத்தும் வீடியோக்கள் இந்த எண்களைத்தான் விழுங்கிவிடுகின்றன. பிள்ளைகளிடம் செய்கிற அநியாயம் அது. ‘அதெல்லாம் சும்மா, தூங்கு’ என்று அவள் வாயை அடைக்காதீர்கள். கருந்துளை ஆய்வில் பெயர் பெற்ற விஸ்வேஸ்வரா முதல் இயக்குநராக இருந்து வளர்த்த நேரு கோளரங்கம் சௌடையா சாலையில்தான் இருக்கிறது. கூட்டிக்கொண்டு போங்கள். கரும் ஆற்றல் குறைகிறதா என்று அவளே அங்கே கேட்கட்டும்.