கோடரி இன்னும் இறங்கவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கில ஓவியர் ரிச்சர்ட் டாடின் ‘தி ஃபேரி ஃபெல்லர்ஸ் மாஸ்டர் ஸ்ட்ரோக்’ (தேவதை மரவெட்டியின் அபார வெட்டு) ஓவியத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். புல்லும் முகங்களும்தான் தெரிகின்றன. என்ன நடக்கிறது என்றே பிடிபடவில்லை. மனநோயாளி வரைந்ததால்தான் இப்படியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் திரையை மூடிவையுங்கள். மூலப்படத்தின் உயரம் 54 செ.மீ., அகலம் 39.4 செ.மீ. கைபேசியில் அது 12 செ.மீ. உயரத்துக்குச் சுருங்கிவிடும். விரலால் விரித்தால் ஒரு முகம் கிடைக்கும், பக்கத்து முகம் போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டம் புல். கூட்டத்துக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அந்தப் புல்லிதழ்கள்தான் நம்மைப் புதருக்குள் ஒளிந்து எட்டிப்பார்க்க வைக்கின்றன. புல்லைத் தாண்டிப் பெரிதாக்கினால் படத்தின் ஆழமே போயிற்று.

ஏ2 தாளில் அசல் அளவிலேயே அச்சிடலாம். நான்கு பக்கமும் கொஞ்சம் ஓரம் மிஞ்சும். கோப்பு சுமார் 6,400 × 4,650 பிக்சல் இருக்கட்டும். ‘எடுப்பாக இருக்கும்’ என்று கடைக்காரர் கான்ட்ராஸ்டை ஏற்றினால் தடுத்துவிடுங்கள். பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவிலுள்ள நுண்ணிய படிகள் இருட்டில் கரைந்துவிடும்.

பார்ப்பதை நடுவிலிருந்து தொடங்குங்கள். நமக்கு முதுகு காட்டி, கோடரியை ஓங்கி நிற்பவன்தான் தலைப்பில் வரும் மரவெட்டி. அவன் பிளக்கப்போவது ஒரு ஹேசல் கொட்டை. தேவதைக் கதைகளில் வரும் மேப் ராணிக்குப் புது வண்டி அதிலிருந்துதான். அவனுக்கு மேலே வெண்தாடிக் கிழவர். அவருடைய தொப்பி விளிம்பில் ராணியின் பழைய வண்டி ஊர்வலம் போகிறது. அதற்கும் மேலே தேவதைகளின் ராஜா ஓபரான், ராணி டைட்டானியா. உச்சி வரிசையில் சிப்பாய், மாலுமி, தையற்காரர் என்று ஆங்கிலக் குழந்தைப் பாட்டில் வரும் ஆட்கள். அங்கே உரலில் மருந்து இடிப்பவரையும் தேடிப்பிடியுங்கள். டாடின் தந்தை மருந்து வணிகர்.

அந்தத் தந்தையைத்தான் 1843-ல் டாட் நோயின் பிடியில் கொன்றார். 1844 முதல் லண்டன் பெத்லம் மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்தார். ஆனால் தேவதைகளை அவருக்குக் கொடுத்தது நோய் இல்லை. 1837-லேயே ராயல் அகாடமி பள்ளியில் சேர்ந்தவர் அவர். உறங்கும் டைட்டானியாவை 1841-லேயே வரைந்துவிட்டார். மருத்துவமனை நிர்வாகி ஜார்ஜ் ஹேடன் கேட்டுக்கொண்டதால் 1855-ல் இந்தப் படத்தைத் தொடங்கி, 9 வருடம் அடுக்கடுக்காக வண்ணம் ஏற்றினார். 1865-ல் ஒவ்வொரு உருவமும் யார், அங்கே என்ன வேலை என்று நீண்ட கவிதையாகவே எழுதிவைத்தார். இவ்வளவு கணக்காக வேலை செய்தவரைப் பற்றி ‘பித்தில் வரைந்தார்’ என்று சொல்லிக் கடந்துபோவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கடைசியாக இடது கீழ் மூலைக்கு வாருங்கள். பின்னணி அங்கே வெறும் கோட்டளவில் நின்றிருக்கும். 1864-ல் அவரை பிராட்மூர் என்ற வேறொரு மனநல மருத்துவமனைக்கு மாற்றினார்கள். படம் அத்தோடு நின்றது. அதனால்தான் தலைப்போடு ‘குவாசி’ என்றும் எழுதினார். ஏறக்குறைய என்று பொருள்.