புள்ளி கோட்டின் மேல் இருக்கிறதா? கண்ணைக் கேட்காதீர்கள்

கேள்வி: (−1, 4), (5, 1) வழியே செல்லும் கோட்டின் சமன்பாட்டைக் கண்டுபிடித்து, (3, 2), (−5, 6), (4, 1.4) ஆகியவற்றில் எவை அதன் மேல் அமையும் என்று எழுத வேண்டும். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் வரைபடத்தாளில் கோடு போட்டுப் பார்த்து, மூன்றுமே அமையும் என்று எழுதினான். தவறு என்று அடித்துவிட்டார்கள். எங்கே பிழை?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மாலையில் உங்கள் பக்கம் கேரம் ஆடுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். ஒற்றைக் கண்ணை இடுக்கி, ஸ்டிரைக்கரும் காயும் குழியும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து அடிப்பார்கள், காய் விழுந்தும்விடும். காயே ஏறக்குறைய 3 செ.மீ. அகலம், குழி அதைவிடப் பெரிது. மயிரிழை பிசகினாலும் பலகை பொறுத்துக்கொள்ளும். கணக்கில் வரும் புள்ளிக்கோ அகலமே கிடையாது. 1 செ.மீ.க்கு 1 அலகு என்று வரைந்தால், (4, 1.4) கோட்டுக்குக் கீழே 1 மி.மீ.தான் தள்ளி நிற்கும். மழுங்கிய பென்சில் அதை விழுங்கிவிடும்.

ஆகவே சமன்பாடு. சாய்வு என்பது ஒய் மாற்றத்தை எக்ஸ் மாற்றத்தால் வகுப்பது: (1 − 4) / (5 − (−1)) = −3/6 = −1/2. ஒய் − 4 = −1/2 (எக்ஸ் + 1) என்று எழுதிச் சுருக்கினால் எக்ஸ் + 2 ஒய் − 7 = 0.

இனி ஒவ்வொரு புள்ளியையும் இதில் பிரதியிட வேண்டியதுதான். (3, 2): 3 + 4 − 7 = 0. (−5, 6): −5 + 12 − 7 = 0. இரண்டும் கோட்டின் மேல் இருக்கின்றன. (4, 1.4): 4 + 2.8 − 7 = −0.2. சுழி வரவில்லை, எனவே இல்லை.

பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடம் 5 − (−1). அதை 4 என்று போட்டால் சாய்வு −3/4 ஆகி, சமன்பாடு 3 எக்ஸ் + 4 ஒய் − 13 = 0 என்று வரும். இதில் (−1, 4) அழகாகப் பொருந்தும். அந்தப் புள்ளியை வைத்துத்தானே எழுதினோம்! சரிபார்க்க மற்றப் புள்ளி வேண்டும்: (5, 1) போட்டால் 15 + 4 − 13 = 6. குட்டு வெளிப்பட்டுவிடும். மற்றப் புள்ளிகளுக்குப் போகுமுன் இந்த ஒரு வரியை ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு புள்ளிகளிலும் எக்ஸ் ஒன்றாகவே இருந்தால் சாய்வு தேட வேண்டாம், கீழே சுழி வந்து வகுக்க முடியாது. (5, 1), (5, 9) என்றால் விடை எக்ஸ் = 5, அவ்வளவுதான்.