மருந்தும் கிடைக்கவில்லை, தூக்கமும் வரவில்லை

கேள்வி: எனக்கு 34 வயது. உடலின் நோய் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்காக ஹைட்ராக்சிகுளோரோகுயினும், குறைந்த அளவில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் எடுத்து வருகிறேன். மார்ச் இறுதியிலிருந்து முதல் மாத்திரை கடைகளில் கிடைக்காததால், கையிருப்பை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குகிறேன். நள்ளிரவில் நெஞ்சு படபடத்து விழித்து, கொரோனாவோ என்று காய்ச்சலை அளந்தபடியே இருக்கிறேன். 'ஊருக்கே இருக்கிற பயம்தானே' என்கிறார்கள் வீட்டில். நான் மிகையாக அஞ்சுகிறேனா?
- வாசகி, திருச்சி (மே 2020)

பதில்: இல்லை. ஊரார் தொற்றுக்கு மட்டும் அஞ்சுகிறார்கள். நீங்களோ தொற்றுக்கும், நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கும் மாத்திரை தீர்ந்துபோவதற்கும் சேர்த்து அஞ்சுகிறீர்கள். கொரோனாவைத் தடுக்கக்கூடும் என்று மருத்துவப் பணியாளர்களுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மார்ச்சில் பரிந்துரைத்ததும், நோயற்றவர்களும் வாங்கிக் குவித்தார்கள். லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள் என்பதால் அந்தத் தட்டுப்பாட்டின் சுமை பெரும்பாலும் பெண்கள் மீதே விழுந்தது.

ஆனால் மாத்திரையை நீங்களாகவே குறைப்பதை இன்றே நிறுத்துங்கள். அது உடலில் பல வாரங்கள் தங்குவதால் விட்டுப்போன சில நாட்களுக்காகக் கலங்க வேண்டாம். ஆயினும் குறைவு மாதக்கணக்கில் நீண்டால் நோய் மீண்டும் தீவிரமாகலாம், அதை அடக்க ஸ்டீராய்டைக் கூட்ட நேரும், கூட்டினால் நீங்கள் அஞ்சும் தொற்றுக்கே வழி எளிதாகும். பிரெட்னிசோலோனைத் திடீரென நிறுத்துவதோ அதைவிட ஆபத்தானது. இப்போது மருந்துச்சீட்டின்றி ஹைட்ராக்சிகுளோரோகுயினை விற்கக் கூடாது என்பதால், உங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் புதிய தேதியிட்ட சீட்டைப் பெறுங்கள். மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல் அதற்கு இடமளிக்கிறது. எங்குமே கிடைக்காவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள்.

ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கக்கூடும் என்பதால், ஓயாமல் வெப்பமானியைப் பார்ப்பது உங்களுக்கு உறுதியும் தராது, உறக்கமும் தராது. காலை, மாலை என இருவேளை அளந்தால் போதும். திடீரென வந்து சிறிது நேரத்தில் தானே தணியும் படபடப்பு பெரும்பாலும் பதற்றத்தால் வருவது. எனினும் லூபஸ் இதயத்தையும் நுரையீரலையும் தாக்கக்கூடியது என்பதால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூச்சுத்திணறல் தணியாமல் நீடித்தாலோ நெஞ்சுவலி இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் மருந்து வாங்கிவைத்து, தமக்கானதைக் கடைசியில் தேடும் பெண்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன். இந்தப் பதிலை வீட்டாரிடம் படித்துக் காட்டி, கடைகளில் விசாரிக்கும் வேலையை அவர்களிடம் ஒப்படையுங்கள். இரண்டு வாரங்களில் உறக்கம் சீராகாவிட்டால் மனநல மருத்துவரை நாடுங்கள். அதற்குள் பேச ஒருவர் தேவைப்பட்டால் 104 என்ற எண்ணை அழைக்கலாம்.